ரிலீஸ் பண்ணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: வெளிய போன டேக்கைத் தொடாதீங்க

ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் வச்சிருக்கவங்க நிறைய பேர் கோட் எழுத காட்டுற அக்கறைல பாதி கூட ரிலீஸ் பண்றதுல காட்டுறதில்ல, ராத்திரி பன்னெண்டு மணிக்கு அவசரமா ஒரு டேக் (இந்த கோட்தான் இந்த வெர்ஷன்னு ஒட்டுற பேர்) போட்டு சர்வருக்கு புஷ் பண்ணிட்டு படுத்துடுறாங்க, அங்கதான் எல்லாமே ஆரம்பிக்குது.

ரொம்ப மோசமான தப்பு எதுன்னா, ரிலீஸ் போய் பத்து நிமிஷத்துல ஒரு பக் கண்ணுல படும், இன்னும் யாரும் எடுத்திருக்க மாட்டாங்கன்னு நெனச்சு டேக்கை அழிச்சிட்டு அதே பேர்ல புது கமிட்டுக்கு (சேமிச்ச மாற்றத்துக்கு) டேக் போடுறது. நான் 1.4.0ல இத பண்ணேன். மறுநாள் ஒருத்தர் எரர் வருதுங்கிறார், எனக்கு வரல, ரெண்டு பேரும் 1.4.0ன்னுதான் சொல்றோம், ரெண்டு நாள் மண்டைய உடைச்சுக்கிட்டு கடைசியா கமிட் ஐடி கேட்டு வாங்கிப் பாத்தா ரெண்டும் வேற வேற. கிட்ல (கோட் மாற்றங்களப் பதிஞ்சு வைக்கிற டூல்) ஒருத்தர் ஒரு டேக்கை ஒரு தடவ எடுத்துட்டா, நீங்க சர்வர்ல மாத்தினாலும் சாதாரண ஃபெட்ச் (சர்வர்ல இருந்து புதுசா வந்தத எடுக்குறது) அவர்கிட்ட இருக்குறத மாத்தாது. பைத்தான் பேக்கேஜ்களை ஏத்துற தளமான பைபிஐயும் இதுல கறார், ஒரு தடவ ஏத்தின ஃபைல் பேரை நீங்க அழிச்சாலும் அதே பேர்ல திரும்ப ஏத்த விடாது. பேசாம 1.4.1 போடுங்க, நம்பருக்கு என்ன பஞ்சமா?

டேக்கை நகத்த முடியும்ங்கிறதே ஒரு ஆபத்துதான். 2025 மார்ச்ல டிஜே-ஆக்‌ஷன்ஸ்ங்கிற ப்ராஜெக்ட்ல (கிட்ஹப்ல பில்ட் வேலைகளுக்குப் பலர் சேத்துக்கிற டூல்) புகுந்தவங்க பழைய வெர்ஷன் டேக்குகளையே தங்களோட கமிட்டுக்கு திருப்பி விட்டாங்க, டேக்கை நம்பி இருந்தவங்களோட ரகசிய கீ எல்லாம் பில்ட் லாக்ல வந்து விழுந்துச்சு.

அடுத்தது, ரிலீஸ் ஃபைலை சொந்த லேப்டாப்ல பில்ட் பண்ணி ஏத்துறது. உங்க ஃபோல்டர்ல கமிட் பண்ணாத ஒரு ஃபைல் இருந்தா அதுவும் சேந்து போயிடும், ரெப்போவப் (கோட் வச்சிருக்குற பொது இடம்) பாத்து யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. 2024ல எக்ஸ்இசட்ங்கிற ஃபைல் சுருக்குற டூலோட 5.6.0, 5.6.1 ரெண்டுலயும் பேக்டோர் (திருட்டு வழி) வந்தது ரெப்போவுக்கும் ரிலீஸ் ஃபைலுக்கும் நடுவுல உள்ள இந்த இடைவெளிலதான், அத கிளப்பி விடுற ஸ்கிரிப்ட் டார்பால்ல (ரிலீஸுக்கு ஏத்துற கோட் மூட்டை) இருந்துச்சு, கிட்ல இல்ல. எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருக்குற கம்ப்யூட்டருக்குள்ள நுழையுற வழி) லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு ஒரு டெவலப்பர் தோண்டப் போய்தான் வெளிய வந்துச்சு. அதனால டேக் போட்டா அந்த டேக்ல இருந்தே சிஐ (தானா பில்ட் பண்ற சர்வர்) பில்ட் பண்ணி ஏத்துற மாதிரி செட் பண்ணிடுங்க.

நம்பர் விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், பழைய கோட் உடையும்னா மேஜர் (முதல் நம்பர்), புது வசதின்னா மைனர் (நடு நம்பர்), பக் மட்டும்னா பேட்ச் (கடைசி நம்பர்) ஏத்தணும். ஆனா ஒரு ஃபங்ஷன் பேரை மாத்திட்டு "சின்ன சேஞ்ச்தானே"ன்னு பேட்ச்ல விடுறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம், அது உங்களுக்குத்தான் சின்னது.

கடைசி நேரத்துல ஃபீச்சர் சேக்காதீங்க. லினக்ஸ் கெர்னல்ல புது விஷயம் சேக்க ரெண்டு வாரம்தான், அப்புறம் வாரா வாரம் ஆர்சி (ரிலீஸுக்கு முன்னாடி விடுற சோதனை வெர்ஷன்), வழக்கமா ஆர்சி 7 வரைக்கும் சரி பண்றது மட்டும்தான் நடக்கும். நமக்கு அவ்ளோ வேணாம், ஒரு ஆர்சி விட்டு ஒரு வாரம் பொறுங்க.

சேஞ்ச்லாக்ல (வெர்ஷனுக்கு வெர்ஷன் என்ன மாறுச்சுங்கிற பட்டியல்) கிட் லாகை அப்படியே ஒட்டாதீங்க, அப்டேட் பண்றவர் எத மாத்தணும்னு மேல ரெண்டு வரி எழுதுங்க போதும்.

அப்புறம் பப்ளிஷ் பண்ற உரிமை ஒரே ஆள்கிட்ட இருக்கக் கூடாது. பைபிஐல 2024ல இருந்து டூ-ஃபேக்டர் கட்டாயம், அந்த ஒருத்தரோட ஃபோன் தொலைஞ்சா அவசர செக்யூரிட்டி ஃபிக்ஸ் ரெடியா இருந்தும் வெளிய விட முடியாம போகலாம். ரிக்கவரி கோடை இன்னைக்கே பிரிண்ட் எடுத்து வைங்க, நம்பிக்கையான இன்னொரு மெயின்டெய்னரை ஓனரா சேத்துடுங்க.