12 நிமிடத் தனிக் கராத்தே: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகுப்பில் குத்து விடும்போது முழங்கை வெளியே விரிந்தால் மாஸ்டர் தட்டித் திருத்திவிடுவார். தனியாகச் செய்யும்போது தட்ட ஆளில்லை. தினமும் 60 குத்து விடுபவர் முழங்கையை விரித்தபடியே விட்டால், ஒரே மாதத்தில் 1,800 முறை அந்தத் தவறைப் பழகியிருப்பார். அதை மாற்றப் பல மாதங்கள் பிடிக்கும். அதனால் நேரம் குறையக் குறைய, எடுத்துக்கொள்ளும் அசைவுகளும் குறைய வேண்டும். தனிப் பயிற்சியில் வரும் பெரும்பாலான சிக்கல்கள் இதை மறப்பதால் வருபவைதான்.

முழு வகுப்பையும் சுருக்கிச் செய்வது

ஒன்றரை மணி நேர வகுப்பில் குத்து, தடுப்பு, உதை, கட்டா (வரிசையாகக் கோத்த அசைவுத் தொடர்), குமித்தே (இருவர் மோதிப் பழகுவது) எல்லாம் இருக்கும். அதையே கால் மணிக்குள் அடக்கப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நிமிடம்தான் மிஞ்சும். உடம்பு ஓர் அசைவுக்குப் பழகத் தொடங்கும்போதே அடுத்ததற்குத் தாவ வேண்டியிருக்கும். வியர்க்கும், ஆனால் எதுவும் சீராகாது.

ஒரு கை அசைவு, ஒரு உதை, கட்டாவில் ஒரு துண்டு. இவ்வளவு போதும். இரண்டு வாரத்துக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். 12 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: உடம்பைச் சூடாக்க 3 நிமிடம், கியாகு சுகிக்கு (பின்கால் பக்கக் கையால் விடும் குத்து) 4 நிமிடம், மாய் கேரிக்கு (முன்னோக்கி விடும் உதை) 2 நிமிடம், கட்டாத் துண்டுக்கு 3 நிமிடம். வாரத்தில் ஐந்து நாள் செய்தால் ஒரு மணி நேரம் ஆகிவிடும்.

எந்த நேரத்தில் செய்வது என்பதையும் நாளுக்கு நாள் மாற்றாதீர்கள். 'நேரம் கிடைக்கும்போது' என்று விட்டால் கிடைக்காது. குளிப்பதற்குச் சற்று முன்பு வைத்துக்கொள்வது பலருக்கும் ஒத்துவரும். வியர்வைக்கென்று தனியாக ஒரு குளியல் தேவைப்படாது. கராத்தே உடை அணிய வேண்டியதில்லை. ஆனால் இடுப்பைப் பிடிக்கும் பேன்ட்டோடு உதை பழகக் கூடாது. முழங்கால் போதிய உயரத்துக்கு வராததால், உடம்பு பின்னால் சாய்ந்து ஈடுகட்டப் பார்க்கும்.

சூடாகாத உடம்போடு முழு வேகம்

நேரம் குறைவு என்றதும் முதலில் வெட்டப்படுவது வார்ம்-அப். வெட்டவே கூடாதது அதுதான். நாற்காலியில் நாலு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தவரின் இடுப்பு மடிப்புத் தசைகள் இறுகியிருக்கும். அதோடு மாய் கேரியை முழு வேகத்தில் விட்டால் தொடையின் பின்தசையோ இடுப்பு மடிப்போ சுளுக்கிக்கொள்ளும்.

ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே மெல்லோட்டம். பிறகு கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள் எல்லாவற்றையும் சுழற்றுங்கள். கடைசியாகக் காலை முன்னும் பின்னுமாகப் பத்து முறை, பக்கவாட்டில் பத்து முறை ஊசலாட்டுங்கள். தொடையை இழுத்துப் பிடித்து நிமிடக்கணக்கில் நிற்கும் ஸ்ட்ரெட்ச்சை இங்கே செய்யாதீர்கள். நீண்ட நேரம் இழுத்துப் பிடித்த தசை கொஞ்ச நேரத்துக்கு வெடிப்பு வேகத்தை இழந்திருக்கும். அதைப் பயிற்சி முடிந்த பிறகு செய்யலாம்.

காற்றில் மூட்டைப் பூட்டுவது

தனிப் பயிற்சியில் மூட்டைக் கெடுக்கும் தவறு இதுதான். பலரும் கவனிக்காததும் இதுதான். பேடில் (குத்து வாங்கும் மெத்தை) குத்தும்போது விசை பேடுக்குள் போய்விடுகிறது. காற்றில் குத்தும்போது அந்த விசைக்குப் போக இடமில்லை, கையே அதை நிறுத்தியாக வேண்டும். மேற்கைத் தசை சரியான நேரத்தில் பிரேக் போட்டால் பிரச்சினையில்லை. போடாவிட்டால் முழங்கை எலும்புகள் ஒன்றோடொன்று இடித்துத்தான் கை நிற்கும். ஓரிரு முறையில் எதுவும் தெரியாது. சில வாரத்தில் முழங்கையின் பின்பக்கம் வலிக்கத் தொடங்கும்.

முழங்கை தரையைப் பார்க்க, கை முழுவதும் நீள்வதற்கு ஒரு நூல் முன்னாலேயே நிறுத்துங்கள். நிற்கும் கணத்தில் அக்குளுக்குக் கீழுள்ள தசை இறுகுகிறதா என்று மற்றக் கையால் தொட்டுப் பார்க்கலாம். அங்கே இறுக்கம் இல்லாமல் தோள் மட்டும் முன்னே துருத்தினால், குத்தை மூட்டுதான் நிறுத்துகிறது. கையில் டம்பெல் பிடித்துக்கொண்டு வேகமாகக் குத்துவது இந்தச் சிக்கலை இன்னும் பெரிதாக்கும். எடை கையைக் கீழே இழுப்பதால் குத்தின் பாதையும் மாறிவிடும்.

உதையிலும் இதே கதைதான். மாய் கேரியில் முழங்காலை முதலில் உயர்த்தி, பாதத்தை விட்டெறிந்து, அதே உயரத்துக்கு மடக்கி இழுத்த பிறகே தரையில் வைக்க வேண்டும். இழுக்காமல் காலை அப்படியே விழவிட்டால் முழங்கால் ஒவ்வொரு முறையும் வெட்டி வாங்கும்.

வேகத்தை மூன்று கட்டமாக ஏற்றுங்கள். பத்துக் குத்து மிக மெதுவாக, ஒன்றுக்கு மூன்று விநாடி. அடுத்த பத்து நடுத்தர வேகத்தில். கடைசிப் பத்து மட்டும் முழு வேகத்தில். இரண்டு பக்கமும் சேர்த்து 60. நடுவே இழுக்கும் கை (குத்தாமல் இடுப்புக்குத் திரும்பும் மறுகை) இடுப்புக்குக் கீழே தொங்கினாலோ, தோள் காதை நோக்கி ஏறினாலோ அங்கேயே நிறுத்துங்கள். எண்ணிக்கையை முடிப்பதற்காகக் களைத்த உடம்பால் விடும் குத்துகள் களைத்த வடிவத்தைத்தான் பழக்கும்.

இடது பக்கத்திலிருந்து தொடங்குங்கள், அதாவது வலக்கைக்காரர்கள். வசதியான பக்கத்தில் ஆரம்பித்தால், நேரம் தீரும்போது வெட்டுப்படுவது எப்போதும் வசதியில்லாத பக்கமாகவே இருக்கும்.

இலக்கில்லாமல் குத்துவது

எதிரே யாருமில்லாதபோது முஷ்டி மெல்லத் தன் தோளுக்கு நேராக விலகிப் போகும். நடு உடம்புக் குத்து உங்கள் நெஞ்சுக்குழி உயரத்தில், உடம்பின் மையக் கோட்டில் முடிய வேண்டும். சுவரில் அந்த உயரத்தில் ஒரு சிறு துண்டு டேப் ஒட்டி, கை நீட்டினால் ஒரு சாண் இடைவெளி இருக்கும்படி தள்ளி நின்று, அதைப் பார்த்தே குத்துங்கள்.

கண்ணாடி உதவும், முழுக்க நம்ப வேண்டாம். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் உடம்பு முன்னால் சாய்வதும் பின்கால் மடங்குவதும் தெரியாது. மொபைலைப் பக்கவாட்டில் வைத்துப் பத்து விநாடி வீடியோ எடுத்தால் இரண்டும் உடனே தெரிந்துவிடும்.

சின்ன அறையில் கட்டாவை நசுக்குவது

தொடக்கநிலைக் கட்டாவான ஹெய்யான் ஷோதானில் 21 அசைவுகள். நடுக்கோட்டில் தொடர்ந்து மூன்று காலடி எடுத்து முன்னேற வேண்டும், அதற்குச் சுமார் நான்கு மீட்டர் நீளம் தேவை. இடம் போதாதபோது பலரும் அடியைக் குறுக்கிவிடுகிறார்கள். அடி குறுகினால் ஸென்குட்சு தாச்சியில் (முன்முழங்காலை மடக்கி, பின்காலை நீட்டி நிற்கும் நிலை) முன்முழங்கால் நிமிர்கிறது, இடுப்பு எழும்புகிறது. நாளடைவில் பெரிய மண்டபத்திலும் அதே குட்டை நிலைதான் வரும்.

அடியைக் குறுக்காதீர்கள், கட்டாவைத் துண்டாக்குங்கள். மூன்றாவது மேல்தடுப்பில் கியாய் (அடிவயிற்றிலிருந்து எழும் முழக்கம்) முடிந்ததும் நிறுத்தி, பின்னால் நடந்து வந்து, அதே நிலையில் மறுபடி நின்று, அங்கிருந்து 270 பாகைத் திருப்பத்தைத் தொடருங்கள். அந்தத் திருப்பத்தை மட்டும் எட்டு முறை செய்வது, கட்டா முழுவதையும் அவசரமாக இரண்டு முறை ஓட்டுவதைவிடப் பயன் தரும்.

டெக்கி ஷோதான் கற்றவர்களுக்கு இன்னும் எளிது. பழைய பெயரில் நைஹான்ச்சி. முழுக்கப் பக்கவாட்டில், ஒரே நேர்கோட்டில் நகரும் கட்டா என்பதால் குறுகிய நடைபாதையே போதும். கோஜு ரியு என்ற கராத்தே பாணியைப் பயில்பவர்களுக்கு சான்ச்சின் கட்டா இருக்கிறது. அதில் சில காலடிகள்தான். ஆனால் மூச்சை அடக்கி முக்கக் கூடாது, தலை கிறுகிறுக்கும்.

தரை

சாக்ஸோடு வழவழப்பான தரையில் நின்றால் பின்கால் வழுக்கும். அதற்குப் பயந்து ஒட்டும் ரப்பர் பாயில் வெறுங்காலோடு மவாஷி கேரி (பக்கத்திலிருந்து சுழற்றி விடும் உதை) விட்டால் வேறு ஆபத்து. நிற்கும் பாதம் பாயில் ஒட்டிக்கொண்டு திரும்பாது, உடம்பு மட்டும் திரும்பும், நடுவில் முறுக்கப்படுவது முழங்கால். குதிகாலைச் சற்றே தூக்கி, முன்பாதத்தில் சுழன்று, குதிகால் இலக்கை நோக்கித் திரும்பியதா என்று பாருங்கள். பாதம் திரும்பாத தரை என்றால் அங்கே மாய் கேரி மட்டும்.

நேரம் இல்லாத நாளில் முழுதாக விட்டுவிடுவது

நாலு நிமிடம்தான் இருக்கிறது என்றால் உதையையும் வேகத்தையும் விட்டுவிடுங்கள். அரை நிமிடம் மூட்டுகளைச் சுழற்றிவிட்டு, கிபா தாச்சியில் (குதிரை மேல் உட்கார்ந்தது போல் கால்களை அகட்டிய நிலை) நின்று, மெதுவாக 20 குத்து. பிறகு ஸென்குட்சு தாச்சியில் கை அசைக்காமல் இடுப்பை மட்டும் திருப்பித் திருப்பிப் பக்கத்துக்குப் பத்து முறை. அன்று எந்தப் பக்கம் தடுமாறியது என்று ஒரு வரி குறித்து வைத்து, அடுத்த வகுப்பில் மாஸ்டரிடம் அந்தப் பக்கத்தை மட்டும் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.