வட்டியில் சிக்கிய மானியம்

அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள பிள்ளைகளுக்கான எங்கள் சிறப்புப் பள்ளிக்கு, ஒன்றிய அரசின் தீனதயாள் மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுத் திட்டத்தில் வர வேண்டிய அடுத்த ஆண்டு மானியம், முந்தைய மானியம் செலவான விதத்தைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழில் குறை இருந்ததால் நிலுவையில் நின்றது.

அந்தச் சான்றிதழுக்கான ஜிஎஃப்ஆர் (பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தைப் பாஸ்புக்கோடு வரிவரியாக ஒப்பிட்டபோது, மானியப் பணத்துக்கு வரவான வட்டி, நன்கொடைப் பணத்தின் வட்டியோடு கலந்து, தணிக்கை அறிக்கையில் ‘இதர வருமானம்’ என்ற தலைப்பில் போயிருந்தது தெரிந்தது. 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 230(8)-ஆவது விதிப்படி, மானியம் ஈட்டும் வட்டி ஒன்றிய அரசின் கருவூலமான இந்தியத் தொகுப்பு நிதிக்கே திரும்ப வேண்டும். அந்த வட்டியில் பிசியோதெரபிப் பாய் ஒன்று வாங்கியிருந்தாலும் தணிக்கையில் அது குறைதான்.

ஆகவே, நாள்வாரி இருப்பின் அடிப்படையில் மானியத்துக்குரிய வட்டியை மட்டும் ஆடிட்டரைக் கொண்டு பிரித்தெடுத்து, அத்தொகையை, அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் தளத்தில் செலுத்தி, ரசீதையும் திருத்திய சான்றிதழையும் மானிய விண்ணப்பங்களுக்கான இ-அனுதான் தளத்தில் பதிவேற்றினேன். அதன்பின் கோப்பு நகர்ந்தது. இப்போது மானியத்துக்கெனத் தனி வங்கிக் கணக்கு இருக்கிறது. சிறப்பாசிரியர்களின் சம்பளமும் வேன் வாடகையும் அதிலிருந்து வங்கி வழியாகவே செல்கின்றன, ரொக்கமாக ஒரு ரூபாய்கூட எடுப்பதில்லை.