சிற்றூர் அருங்காட்சியகம்: பார்ப்பது எப்படி, உதவுவது எப்படி?

சிற்றூர் வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் சும்மா போனால் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். நாலு பழைய சாமான், மங்கிப்போன போட்டோக்கள், அவ்வளவுதானே என்று தோன்றும். அங்கே பொருளைவிட, அதைப் பற்றிய தகவல்தான் சொத்து. அதைக் கேட்டு வாங்கவும் திருப்பிக் கொடுக்கவும் தெரிந்துகொண்டால் போதும்.

படி 1: போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்

பல இடங்களில் வாரத்துக்கு ஓரிரு நாள்தான் திறப்பார்கள். இணையத்தில் இருக்கும் நேரத்தை நம்பிப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வராதீர்கள். விவரம் தெரிந்தவர் என்றைக்கு இருப்பார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: ஒரு கேள்வியோடு போங்கள்

நம் தெருவுக்கு ஏன் இந்தப் பெயர், பள்ளிக்கூடம் முதலில் எங்கே இருந்தது என்று ஏதாவது ஒன்று. காட்சிக்கு வைத்திருப்பதைவிட உள்ளறையில் இருப்பதுதான் பெரும்பாலும் அதிகம். கேள்வி கேட்பவருக்குத்தான் அந்தக் கதவு திறக்கும்.

படி 3: எண்ணைக் கவனியுங்கள்

பொருளின் மேலோ சீட்டிலோ 1987.14.3 என்பதுபோல ஓர் எண் இருக்கலாம். பரவலான முறைப்படி, 1987இல் வந்த பதினான்காவது கொடையில் மூன்றாவது பொருள் என்று அர்த்தம். அந்த எண்ணைச் சொன்னால் பதிவேட்டைப் புரட்டி, யார் கொடுத்தது, எங்கே இருந்தது என்று பார்த்துச் சொல்ல முடியும். அறை மங்கலாக இருந்தால் சிக்கனம் என்று நினைக்காதீர்கள். துணி, காகிதம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் வழக்கமான வரம்பு; ஒளியால் வெளுத்த சாயம் திரும்ப வராது. ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

படி 4: தெரிந்ததைச் சொல்லுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் ஆகப் பெரிய உதவி, செலவும் இல்லை. பழைய குரூப் போட்டோவில் பாதிப் பேருக்குப் பெயர் இருக்காது. வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். அவர் சொல்வதை 'பின்வரிசை, இடமிருந்து மூன்றாவது' என்று இடத்தோடு எழுதுங்கள். கூடவே அது எப்படித் தெரியும் என்றும் எழுத வேண்டும்: நேரில் பழகியவரா, யாரோ சொல்லக் கேட்டதா? பின்னால் இரண்டு பேர் இரண்டு பெயர் சொல்லும்போது இந்த ஒரு வரிதான் கைகொடுக்கும்.

படி 5: பொருள் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்

பரணைக் காலி செய்து மூட்டையை வாசலில் வைத்துவிட்டு வருவது உதவி அல்ல, தலைவலி. தையல் மெஷினும் டைப்ரைட்டரும் ஏற்கெனவே நாலைந்து இருக்கும். அவர்கள் வேண்டும் என்று சொன்னால், உரிமையை மாற்றிக் கொடுக்கும் படிவத்தில் கையெழுத்திடுங்கள். 'இப்போதைக்கு வைத்திருங்கள்' என்ற வாய்வார்த்தை அடுத்த தலைமுறையில் சண்டையாகும். உலோகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். கிழிந்த காகிதத்தில் செல்லோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். லேமினேஷனும் கூடாது. போட்டோவின் பின்புறம் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். வழுவழுப்பான தாளில் பென்சில் பிடிக்காது. அப்படிப்பட்ட போட்டோவுக்கு, உறையின் மேல் எழுதிவிட்டு அப்புறம் போட்டோவை உள்ளே வையுங்கள்.

கொடுக்க மனசு வரவில்லையா? சரி, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து கோப்பை மட்டும் கொடுங்கள்.

படி 6: பணமும் நேரமும்

கண்ணாடிப் பெட்டி வாங்கித் தரப் பலர் முன்வருவார்கள்; கரண்ட் பில்லுக்கும் கூரை ஒழுகலுக்கும் தருபவர்கள் குறைவு. அதனால் இதற்குத்தான் என்று நிபந்தனை போடாமல் கொடுங்கள். நேரம் இருந்தால், கையெழுத்துப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். 1977 முதல் மே 18 உலக அருங்காட்சியக நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நிகழ்ச்சி வைப்பார்களா, ஆள் வேண்டுமா என்று ஒரு மாதம் முன்பே கேளுங்கள்.

கிளம்பும்போது வருகைப் பதிவேட்டில் கட்டாயம் பெயர் எழுதுங்கள், கூட வந்த குழந்தைகளின் பெயரையும் சேர்த்து. நிதி உதவிக்கு விண்ணப்பிக்கும்போது எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள்.