சாப்பிட்ட பிறகு சுகர் இறங்குகிறதா? எடை குறைப்பு ஆபரேஷன் செய்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடை குறைப்பு ஆபரேஷன் முடிந்து ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஓடியிருக்கும். உடம்பு இளைத்திருக்கும், சிலருக்குப் பழைய சுகர் மாத்திரைகூட நின்றிருக்கும். அப்போதுதான் இந்தத் தொல்லை தொடங்கும். சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும், பேச்சுகூடக் குழறும். இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேராக இணைக்கும் இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு இது அதிகம், இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரலாம்.

சாதாரணமாக இரைப்பை சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடலுக்கு விடும். ஆபரேஷனுக்குப் பிறகு மாவும் சர்க்கரையும் சட்டென்று சிறுகுடலுக்குப் போய்விடுகின்றன. ரத்தச் சர்க்கரை விறுவிறுவென ஏறும். குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரந்து கணையத்தைத் தூண்டும். இன்சுலின் தேவைக்கு மேல் வந்து, ஏறிய சர்க்கரையை 70-க்கும் கீழே இறக்கிவிடும். அதாவது பட்டினியால் வருகிற மயக்கம் இல்லை இது, சாப்பிட்ட சாப்பாட்டால் வருவது.

இது புரியாததால்தான் பெரிய தவறு நடக்கிறது. மயக்கம் வந்ததும் ஒரு பெரிய டம்ளர் மாம்பழ ஜூஸ் குடிப்பது. கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசனில் வீட்டிலேயே பழம் குவிந்து கிடக்கும், கை தானாக அதற்குத்தான் போகும். குடித்ததும் தெளிந்துவிடும். ஆனால் அந்தச் சர்க்கரையே மறுபடி இன்சுலினைக் கிளப்பி, கொஞ்ச நேரத்தில் இன்னொரு இறக்கத்தைக் கொண்டுவரும். இப்படி நாள் முழுக்க இனிப்பும் மயக்கமுமாக அல்லாடுகிறவர்கள் இருக்கிறார்கள். சரி, என்ன செய்யலாம்? குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் மட்டும் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியதும் ஒரு அவித்த முட்டையோ ஒரு கைப்பிடி நிலக்கடலையோ கட்டாயம் சாப்பிடுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மீட்டர் பக்கத்தில் இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்காமல் குளுக்கோஸைக் குடித்துவிடுங்கள். மாவும் சர்க்கரையும் செரிப்பதைத் தாமதப்படுத்தும் அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ் பவுடரேதான் வேண்டும்.

அடுத்தது களி. “ராகிதானே, சுகருக்கு நல்லதுதானே” என்று முழு உருண்டையை இறக்குவது நம் பக்கத்தில் வழக்கம். ராகி சத்தான தானியம்தான், ஆனால் 100 கிராம் மாவில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. இந்தப் பிரச்சினை உள்ளவர்களுக்கு ஒரு வேளைக்கு மாவுச்சத்து 30 கிராமுக்குள் இருக்கட்டும் என்பதுதான் பொதுவான ஆலோசனை. அது 40 கிராம் ராகி மாவிலேயே ஏறக்குறைய முடிந்துவிடும். களி கிளறும்போது சோறோ நொய்யோ சேர்த்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். களியை விடச் சொல்லவில்லை. முதலில் முட்டை, மீன், கோழி, இல்லையென்றால் கொள்ளுக் கடைசல், கீரை. வயிறு பாதி நிறைந்த பிறகு களியைச் சின்ன உருண்டையாக எடுங்கள். கொள்ளு ரசம் குடித்துவிட்டுப் புரதம் சேர்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள், அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதே ராகியைக் கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் வேகமாகக் குடலுக்கு ஓடிவிடும். கரும்பு ஜூஸ், சர்க்கரை போட்ட டீ எல்லாமே அப்படித்தான். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள், முடித்து அரை மணி நேரம் போகட்டும்.

சர்க்கரைக்குப் பயந்து சாப்பிடாமலே இருப்பதும் தவறு. ஓசூர் கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் ஒரு வேளையை விட்டுவிட்டு அடுத்த வேளையில் சேர்த்துச் சாப்பிடுவார்கள். அப்படிச் செய்யாமல் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். தலை சுற்றுகிறபோது வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். விபத்துகளுக்குப் பேர்போன தொப்பூர் கணவாயில் தெளிவாக இருப்பவர்களே தடுமாறுகிறார்கள்.

சுகர் மாத்திரையோ இன்சுலினோ இன்னும் போய்க்கொண்டிருந்தால், இறக்கம் வருவதை டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். பழைய அளவே இப்போது அதிகமாக இருக்கலாம். அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். மூன்று மாத சராசரி சுகர் டெஸ்ட் (HbA1c) நார்மலாக இருக்கிறதே என்று சமாதானம் ஆகவும் வேண்டாம், ஏற்ற இறக்கத்தை அது காட்டாது. எப்போது என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோனால் டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து சுகர் பார்ப்பார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு அதுவே கடும் இறக்கத்தைக் கொண்டுவரலாம். டம்ளரை வாங்கும் முன்பே ஆபரேஷன் விவரத்தை நர்ஸிடம் சொல்லுங்கள், வேறு வழியில் பார்க்க முடியும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் ஜூஸோ சர்க்கரைத் தண்ணீரோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். வருகிறவர்களிடம் என்ன ஆபரேஷன் என்பதை முதலில் சொல்லுங்கள்.