அம்மா அப்பாவுக்கு நாளை ஆள் துணை தேவைப்படுமா? இப்போதே பார்த்து வைப்பது எப்படி

"யாருக்கும் பாரமா இல்லாம நடமாடிக்கிட்டு இருக்கும்போதே போய்ச் சேர்ந்துடணும்" என்று எல்லா வீட்டிலும் பெரியவர்கள் சொல்வார்கள். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. 2017-18இல் இந்தியா முழுக்க நடந்த லாசி முதியோர் ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் குளிப்பது, உடுத்துவது, நடப்பது போன்ற அன்றாட வேலைகளில் ஒன்றாவது சிரமமாக இருந்தது. வயது ஏற ஏற இது கூடும். அப்பாவை அம்மா பார்த்துக்கொள்வார், சரி, அம்மாவை யார் பார்ப்பது?

முதலில், அவர்களிடம் கேட்காதீர்கள். "நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். இரண்டு நாள் கூடவே தங்கிக் கவனியுங்கள். குளியல், உடை, கழிப்பறை, படுக்கையிலிருந்து எழுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது ஆகிய ஆறையும்தான் மருத்துவர்களும் பார்க்கிறார்கள். பெரும்பாலும் இவற்றுக்கு முன்பே, மாத்திரையை இரண்டு தரம் போடுவது, பணக்கணக்கில் குழம்புவது என்று அறிகுறிகள் தெரியும்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நின்றுகொண்டு. 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து அதிகம் என்று பொருள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அன்றைக்கே குளியலறையில் கைப்பிடி மாட்டுங்கள், ராத்திரி வெளிச்சத்துக்கு ஒரு சின்ன பல்பு போடுங்கள். என் அத்தை 74 வயதில் ஈரத்தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, அதற்கப்புறம் மூன்று வருடம் ஆள் துணையில்லாமல் எழுந்திருக்கவே இல்லை.

பணம். மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று நம்பி இருக்காதீர்கள், அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் உதவும். 70 வயதானவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் வருடத்துக்கு 5 லட்சம் தரும் ஆயுஷ்மான் பாரத்தும் அப்படித்தான், வீட்டில் ஆள் வைக்கும் செலவு கைக்காசு. உங்கள் ஊரில் பகலுக்கு மட்டும் வரும் ஆளுக்கு என்ன சம்பளம், தங்கிப் பார்ப்பவருக்கு என்ன என்று இரண்டு மூன்று இடத்தில் விசாரித்து, மூன்று வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் படுக்கையில் இருப்பவர்களுக்கான நோய் தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

சொத்தை எழுதி வைக்கும் பெரியவர்களுக்கு ஒன்று: கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அப்படி இருந்தால், பார்க்காமல் விட்டவரிடமிருந்து சொத்தைத் திரும்பப் பெற 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வழி தருகிறது. உதவி தேவைப்பட்டால் முதியோருக்கான உதவி எண் 14567க்கு அழைக்கலாம்.

கடைசியாக, அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் உட்கார்ந்து யார் பணம் தருவது, யார் கூட இருப்பது என்று பேசுங்கள். வீட்டுக்கு வந்த மருமகள் தலையில் தானாக விழும் என்று விட்டுவிடாதீர்கள், அது அநியாயம். பெரியவரையும் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள். யார் குளிப்பாட்டினால் கூச்சமில்லாமல் இருக்கும் என்று அவரிடமே கேளுங்கள். எங்கள் அத்தையிடம் நாங்கள் அதைக் கேட்கவே இல்லை.