லக்ராஸ் பார்க்கப் போகிறீர்களா? பந்தைத் தேடாதீர்கள்

மகள் பள்ளி அணியில் சேர்ந்து மூன்று வருடமாகியும் முனையில் வலை கட்டிய ஸ்டிக்கால் பந்தைப் பிடித்து, எறிந்து, கோல் போடும் இந்த லக்ராஸ் எனக்குப் பிடிபடவில்லை. 2022 ஜூலை 9 அன்று, அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் மேரிலாந்து மாநிலத்திலேயே, டௌசன் பல்கலைக்கழக மைதானத்தில் பெண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டம். அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அமெரிக்கா 11, கனடா 8. அன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்ததையும், பிறகு நானே பார்த்துப் பழகியதையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, பந்தைத் தேடுவதை விடுங்கள். சின்ன மஞ்சள் ரப்பர் பந்து. ஸ்டிக் முனையில் இருக்கும் வலைக்குள் கிடக்கும்போது கண்ணுக்கே தெரியாது. பெண்கள் ஸ்டிக்கில் வலையின் குழி ஆழம் குறைவு. அசையாமல் பிடித்தால் பந்து நழுவிவிடும். அதனால் பந்து வைத்திருப்பவள் தொட்டில் ஆட்டுவதுபோல ஸ்டிக்கை ஆட்டிக்கொண்டே ஓடுவாள். எந்தக் கை ஆடுகிறது என்று பாருங்கள், பந்து தானாகக் கிடைத்துவிடும்.

அடுத்தது டிரா. சமநிலை என்ற பொருளில் அல்ல, பந்து எந்த அணிக்கு என்று முடிவுசெய்யும் தொடக்கம். ஆட்டத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பேன். நடுவட்டத்தில் இருவர் எதிரெதிரே நிற்பார்கள். இரண்டு ஸ்டிக்குகளும் இடுப்புக்கு மேலே, படுக்கைவாட்டில், முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும், நடுவில் பந்து. விசில் அடித்ததும் இருவரும் மேல்நோக்கி இழுக்க, பந்து அவர்கள் தலைக்கு மேலே எழும்ப வேண்டும். அப்போது மேலே பார்க்காமல் வட்டத்துக்கு வெளியே காத்திருப்பவர்களைப் பாருங்கள். பந்து எங்கே விழப்போகிறது என்று முன்கூட்டியே கணித்து ஓடுகிறவள்தான் அதைப் பிடிப்பாள். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் மறுபடி டிரா. கோல் போட்ட அணியே அடுத்த டிராவையும் பிடித்தால் எதிரணிக்குப் பந்தே கிடைக்காது. நான்கு கோல் பின்தங்கிய அணி ஐந்து நிமிடத்தில் மீண்டு வருவதும் இதனால்தான். ஒரு தாளில் டிராக்களை மட்டும் குறித்துக்கொண்டு பாருங்கள். ஆட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கோல் எண்ணிக்கைக்கு முன்பே தெரிந்துவிடும்.

யாரும் யாரையும் தொடவில்லையே, ஏன் விசில்? இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். கோலை நோக்கி அடிக்கப் போகிறவளுக்கும் கோலுக்கும் நடுவே, எந்த எதிராளியையும் நெருங்கிக் காக்காமல் சும்மா குறுக்கே நிற்பது தவறு. கோலைக் காக்கும் கோலியைத் தவிர யாருக்கும் ஹெல்மெட் இல்லாத ஆட்டத்தில் பந்து முகத்தில் பட்டால் என்ன ஆகும்? அதற்காகத்தான் இந்த விதி. தண்டனையாக, கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் எட்டு மீட்டர் வளைவிலிருந்து எதிரணிக்கு ஃப்ரீ பொசிஷன், அதாவது பந்தோடு கோலை நோக்கிப் பாயும் வாய்ப்பு, கிடைக்கும். தவறு செய்தவள் நான்கு மீட்டர் பின்னால் போய் நிற்க வேண்டும். விசில் அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள். அந்த ஓரிரு நொடிகளில் கண் இமைக்காதீர்கள்.

அடித்த பந்து கோலைத் தாண்டி வெளியே போனால், எல்லைக் கோட்டைக் கடக்கும் நேரத்தில் பந்துக்கு மிக அருகே இருப்பவளின் அணிக்கே பந்து. அதனால்தான் ஒருத்தி ஸ்டிக்கை நீட்டிக்கொண்டு கோட்டை நோக்கி விழுந்தடித்து ஓடுகிறாள்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நீங்கள் பார்க்கப்போவது சிக்ஸஸ் என்ற லக்ராஸின் சுருக்க வடிவம். அணிக்கு ஆறு பேர், எட்டு நிமிடக் கால்பகுதிகள், 30 நொடிக்குள் கோலை நோக்கி அடித்தாக வேண்டும். கோலுக்குப் பிறகு டிரா கிடையாது, கோலியே பந்தைத் தொடங்குவாள். வேகம் உண்டு, எனக்கு அந்த டிரா இல்லாதது பெரிய குறை. டௌசனின் பெரிய மைதானத்தில் தோற்ற அதே 2022 ஜூலையில், அமெரிக்காவின் பர்மிங்காமில் நடந்த உலக விளையாட்டுப் போட்டியில் கனடாப் பெண்கள் சிக்ஸஸில் அமெரிக்காவை வென்று தங்கம் வாங்கினார்கள்.

இங்குள்ள பிள்ளைகள் அமெரிக்காதான் எப்போதும் ஜெயிக்கும் என்று நினைக்கிறார்கள். 2005இல் இதே மேரிலாந்தில், அனாபொலிஸில், உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியா அமெரிக்காவை 14-7 என்று வீழ்த்தியது. ஆகவே இறுதியாட்டத்துக்கு மட்டும் டிக்கெட் எடுக்காதீர்கள். ஹோடெனொஷோனி அணியின் ஆட்டம் ஒன்றையாவது கட்டாயம் பாருங்கள். இந்த ஆட்டம் அவர்களைப் போன்ற வட அமெரிக்கப் பூர்வகுடிகளுடையது. ஹோடெனொஷோனி மக்கள் தனி நாடாக, தங்கள் ஊதாக் கொடியோடு ஆடுகிறார்கள். அவர்கள் மரபில் இது ஆண்களின் ஆட்டம், பெண்கள் ஸ்டிக்கைத் தொடக்கூடாது என்று தடுத்த பெரியவர்களும் உண்டு. 2015இல் ஸ்காட்லாந்தில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கு அந்தப் பெண்களால் போக முடியவில்லை. தங்கள் தேசத்துக் கடவுச்சீட்டில்தான் பயணம் செய்வோம் என்றார்கள். பிரிட்டன் அதை ஏற்கவில்லை. அவர்கள் மைதானத்துக்குள் வரும்போது நான் எழுந்து நிற்பேன்.

இருக்கை எடுக்கும்போது நடுக்கோட்டுப் பக்கம் வேண்டாம். கோலுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் உட்காருங்கள். இந்த ஆட்டத்தில் கோலுக்குப் பின்புறமும் ஆடுகளம்தான். அங்கிருந்து ஒருத்தி பாஸ் கொடுப்பாள், கோலி தலையைத் திருப்புவாள். அந்தத் திரும்பலுக்குள் முன்னால் நிற்பவள் பந்தை வலைக்குள் செலுத்தியிருப்பாள்.