உதைக்கிற காலை விடுங்கள், ஊன்றுகிற காலைப் பாருங்கள்

பிள்ளைகள் கால்பந்து பழகும்போது எல்லாரும் உதைக்கிற காலையே கவனிக்கிறோம். பந்து எந்தப் பக்கம் போகும் என்பதைத் தீர்மானிப்பது ஊன்றுகிற கால்தான். அது பந்துக்குப் பக்கத்தில், ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி, விரல்கள் இலக்கைப் பார்த்தபடி ஊன்ற வேண்டும். பந்துக்குப் பின்னால் ஊன்றினால் உடம்பு பின்பக்கம் சாயும்; பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்துவிடும்.

நுனிவிரலால் குத்தவே வேண்டாம். ஷூ லேஸ் கட்டுகிற இடத்தில் கையை வைத்துப் பாருங்கள், கெட்டியான எலும்பு மேடு தெரியும். பந்தில் படவேண்டியது அதுதான். விரல்களைக் கீழ்நோக்கி நீட்டி, கணுக்காலை இறுக்கிப் பிடியுங்கள். கணுக்கால் தொளதொளவென்று இருந்தால் எவ்வளவு வேகமாகக் காலை வீசினாலும் அந்த பலம் பந்துக்குப் போய்ச் சேராது.

சரியாகப் பட்டதா என்று பார்க்க, பந்தில் சாக்பீஸ் பொடியைத் தடவி உதையுங்கள். வெள்ளைத் தடம் லேஸ் மேல் விழுந்தால் சரி. நுனியில் விழுந்தால் மறுபடியும். பத்து நாள் வாயால் சொல்லியும் என் மகனுக்குப் புரியாததை இந்தப் பொடி ஒரே சாயங்காலத்தில் புரியவைத்தது.

ஓடிவந்து உதைப்பதெல்லாம் பிறகு. முதலில் ஒரே ஒரு எட்டு, சற்றுச் சாய்வாக வைத்து, எதிரே இருக்கும் சுவரில் உதைத்துப் பழகட்டும். 12 வயதுக்குள் என்றால் 4-ஆம் நம்பர் பந்து போதும். பெரியவர்கள் ஆடும் 5-ஆம் நம்பர் அளவுப் பந்து 410 முதல் 450 கிராம் வரை இருக்கும். சின்னக் கால்களுக்கு அது பாரம்.